பெயர் எழுதாத பொட்டலம்

பாதியாக உடைத்த சவர பிளேடு ஒன்று. விரல் வழுக்காமலிருக்க ஒரு பக்கம் பிளாஸ்டர் சுற்றியது. ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் ஒரு கண்ணாடித் தகடு, தகட்டின் மேல் அன்று காலை பறித்த தேயிலைக் கொழுந்து, கொழுந்தின் மேல் சில துளி கரைசல். அண்ணன் குனிந்து நின்று அதை அரியத் தொடங்குவார். கண்ணாடியில் பிளேடு படும் சத்தம் டிக் டிக் டிக் என்று வேகமாக, ஆனால் மிகவும் சன்னமாகக் கேட்கும். காது கொடுத்தால்தான் கேட்கும். அந்தக் குளிர் அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அவர் போன பிறகும் பல வருடங்கள் அதே அறையில் நான் வேலை செய்தேன். கதவைச் சாத்தியதும் முதலில் குளிர்பதனப் பெட்டியின் உறுமல் வரும். அதற்கடியில் இந்தச் சத்தம் வரும். திரும்பிப் பார்த்தால் மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

இரத்தினபுரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைச் சரிவு ஒன்றின் அடியில் இருந்தது எங்கள் ஆராய்ச்சி நிலையம். நான் ஆய்வுகூட உதவியாளராக அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அண்ணன் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நிலையத்தின் தோட்டத்தில் தற்காலிக வேலைக்காரராக வந்தவர். கன்று நடுவது, கொழுந்து பறித்துக் கொடுப்பது, மேசை துடைப்பது என்று இருந்தவரின் கையை, ஆய்வுகூடத்தை நடத்திய மேடம்தான் முதலில் கவனித்தார். நிலையத்தில் எல்லோரும் சிங்களவர்கள். அவர்களும் அவரை ‘அண்ணே’ என்றே கூப்பிடுவார்கள். தமிழன் என்பதற்கு அது ஒரு பட்டப்பெயர் போல. நானும் அவர்கள் முன்னால் அவரை அப்படியே, அவர்களுடைய ராகத்திலேயே, ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அதே சொல்லை எங்கள் வீட்டுச் சொல்லாகச் சொல்வேன். ஒரே சொல்லை ஒரே ஆளிடம் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு மூன்று வருடங்களுக்கு மேல் இருந்தேன்.

ஏனென்றால் நானும் தமிழ்தான். தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில் பிறந்தவள். அப்பா கணக்கப்பிள்ளை. ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பள்ளிக்கூடம். பிறகு ஒரு கலவர ஆண்டில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் கூரைகள் எரிந்தன. இரண்டு பகலும் நாங்கள் இறப்பர் மரங்களுக்கிடையில் ஒளிந்திருந்தோம். அது முடிந்ததும் அப்பா என்னை டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பொட்டு வைப்பதை அம்மா நிறுத்தினாள். என் பெயர் இரண்டு மொழிக்கும் பொதுவான பெயர். சிங்களம் எனக்கு மூச்சு விடுவதுபோல வந்தது. நிலையத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்த மேடத்துக்குத் தெரிந்திருக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணனுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குளிர் அறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, ஒங்கப்பா கீழ் டிவிசன் கணக்கப்புள்ளதானே? நான் மேல் டிவிசன். ஒங்கள சின்னப் புள்ளையில பாத்திருக்கேன்.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். “அண்ணே, இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிறாதீங்க” என்றேன்.

“நான் ஏம்மா சொல்லப் போறேன்? ஒங்களுக்கு எது நல்லதோ அப்படியே இருங்க” என்றார். வெளியே வந்ததும் சிங்களத்தில் “மிஸ், ஐஸ் தயார்” என்றார். அதன் பிறகு ஒரு நாளும், ஒரு வாய் தவறலாகக்கூட, மற்றவர்கள் முன்னால் என்னிடம் தமிழ் பேசவில்லை.

மேடம் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். அவருடைய மேசை மேல் எப்போதும் ஒரு கேள்வி இருந்தது. தேயிலைக் கொழுந்தின் ஒரே ஓர் உயிரணுவை எடுத்துக்கொண்டால் அதன் நடுவில் கரு என்ற சின்ன உருண்டை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைக்குள் இருக்கும் டீஎன்ஏ நூலை நேராக இழுத்து நீட்டினால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். அவ்வளவு நூல் சிக்காமல், அறுந்துபோகாமல், வேண்டிய இடம் வேண்டிய நேரத்தில் திறக்கும்படி உள்ளே எப்படி இருக்கிறது? புரதத்தாலான நுண்ணிய உருளைகளில் அந்த நூல் சுற்றிக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றிய நூல் வளையம் வளையமாக மடிகிறது. ஒவ்வொரு வளையத்தின் அடியும் கருவுக்குள் இருக்கும் ஒரு வலையில் ஊன்றியிருக்கிறது என்று மேடம் நம்பினார். அப்படி ஒரு வலையே கிடையாது, நீங்கள் கழுவுகிற கழுவலில் உண்டாகும் மாயம் அது என்று சொன்ன ஆட்களும் உலகத்தில் இருந்தார்கள். விலங்குகளின் கருவிலாவது உட்சுவரை ஒட்டி ஒரு புரதப் படலம் இருக்கிறது, நூல் அதைப் பிடித்துக்கொள்கிறது. தாவரங்களில் அதே புரதத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. “அது இல்லாமலேயே இந்தச் செடி தன் நூலை எதில் கட்டி வைத்திருக்கிறது, நங்கி?” என்று மேடம் என்னிடம் கேட்பார். நங்கி என்றால் தங்கை. பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. தனக்குள் கேட்பதை வாய்விட்டுக் கேட்பார்.

இதில் ஒரு பிரயோசனமும் இருந்தது. புதிய மரபணு ஒன்றைச் செடிக்குள் வைத்தால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் காரணமே இல்லாமல் வாய் மூடிக்கொள்ளும். வலையில் ஊன்றுகிற துண்டுகளை அதன் இரண்டு பக்கமும் சேர்த்து வைத்தால் அது அடங்கிப்போவதில்லை என்று வேறு செடிகளில் கண்டிருந்தார்கள். தேயிலையின் ஊன்று துண்டுகளைப் பிடிக்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை.

ஆனால் தேயிலை லேசில் கொடுக்கிற செடி இல்லை. கொழுந்தை நசுக்கினால் சாயம் இறங்கும். அந்தச் சாயம் எல்லாவற்றையும் பழுப்பாக்கிப் பாழாக்கும். மெதுவாக அரிந்தால் பழுக்கும். அழுத்தி அரிந்தால் கருவே உடைந்து, உள்ளிருக்கும் நூல் கோழை மாதிரி வழியும். மேடம் அரிந்தார், நான் அரிந்தேன், கண்டியிலிருந்து வந்த ஒரு பட்டதாரிப் பெண் அரிந்தார். எல்லாம் பழுப்பு. ஒரு நாள் மேசை துடைக்க வந்த அண்ணன் “மேடம், நான் வெட்டிப் பாக்கட்டுமா?” என்று சிங்களத்தில் கேட்டார். அன்று வடிகட்டிச் சுழற்றிய குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. நுண்நோக்கியில் வைத்தால், ஒன்றுகூட உடையாத கருக்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அது. பட்டையை மட்டும் சீவி மரத்தில் காயம் படாமல் நிறுத்தத் தெரிந்த கை. அதன் பிறகு அந்த வேலை அவருடையதானது.

கருக்களைப் பார்க்க வேண்டிய ஒளிரும் நுண்நோக்கி எங்களிடம் இல்லை. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. முதல் முறை மேடத்தின் ஜீப்பில் மூவரும் போனோம். இருட்டறையில், கருக்களின் மேல் ஒரு கரைசலை விட்டோம். லித்தியம் சேர்ந்த ஒரு வெள்ளைப் பொடியை அப்போதைக்கு அப்போது கரைத்துச் செய்வது அது. அது புரத உருளைகளை மட்டும் கழுவிக்கொண்டு போகும். பிறகு ஒரு துளி சிவப்புச் சாயம். மேடம் பார்த்தார், நான் பார்த்தேன், பிறகு அண்ணன் குனிந்து பார்த்தார். கறுப்புக்குள்ளே சிவந்த உருண்டை ஒன்று. அதைச் சுற்றி, சுருள் அவிழ்ந்த நூலெல்லாம் வெளியே பரவி ஒளிவட்டம் மாதிரி நின்றது. அண்ணன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மேடத்திடம் கேட்டார். எல்லாவற்றையும் கழுவிவிட்டோமே, இது ஏன் இன்னும் கலைந்து ஓடாமல் நிற்கிறது என்று. மேடம் சிரித்துவிட்டார். “அதைத்தான் நானும் கேட்கிறேன்” என்றார். திரும்பி வரும் வழியில் அவிசாவளையில் ஜீப்பை நிறுத்தி எங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். வழியிலிருந்த சோதனைச் சாவடிகளில் நிலையத்தின் கடிதத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் மேடத்தின் பெயரும் ‘உதவியாளர்கள் இருவர்’ என்ற வரியும் மட்டும்தான் இருந்தன.

அடுத்த முறைக்கு நாள் குறித்தபோது மேடம் வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டி வந்தது. நுண்நோக்கிக்கு மறுபடி இடம் கிடைக்க மாதக்கணக்காகும். அதனால் நானும் அண்ணனும் பஸ்ஸில் போய் வருவது என்று முடிவு செய்தார். “அலுவலகத்தில் சொல்லி ஒரு கடிதம் எடுத்துக்கொள், நங்கி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் போகிறவர்களைச் சாவடியில் இறக்கி வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். சிங்களவர்களின் அட்டையில் சிங்கள எழுத்து மட்டும் இருக்கும். எங்களுடையதில் தமிழ் எழுத்தும் இருக்கும். ஒரு பார்வை போதும். அட்டையை நீட்டியதும் நான் தனியே நிறுத்தப்படுவேன். அந்த பஸ்ஸில் இரத்தினபுரியில் என்னைத் தெரிந்த யாராவது இருப்பார்கள். கடிதம் எடுப்பதென்றால் அலுவலக எழுத்தரிடம் போக வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கடிதத்தில் முழுப்பெயரும் அட்டை இலக்கமும் தட்டச்சு செய்ய வேண்டும் என்று அவர் கேட்பார். முழுப்பெயரில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கேட்கவே இல்லை.

பயணத்துக்கு முதல் நாள் மாலை பொடியை எடை போட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டேன். வெளிச்சம் படக்கூடாத சாயக் குழாயை வெள்ளித்தாளில் சுற்றினேன். இரண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டினேன். மேலே பொருளின் பெயர் எழுதவில்லை. எப்போதும் எழுதுகிறவள்தான். அன்றைக்கு ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். என் கையெழுத்து அதில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேனா, அல்லது வெறும் மறதியா? மறதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போனேன். அரிந்த கொழுந்தை ஐஸில் வைத்த குடுவையோடு அண்ணன் எனக்கு முன்பே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“அண்ணே, எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது; அவருக்குத் தெரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. “பரவால்ல. அங்க யுனிவர்சிட்டில இருக்கிற சேர்கிட்ட குடுத்தா அவரு பாத்துக்குவாருதானே? நான் போய்ட்டு வர்றேன்” என்றார். பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, “மேடம் ஒரு கடிதாசி வச்சிருப்பாங்களே?” என்று கேட்டார்.

“அது தேவப்படாது அண்ணே” என்றேன்.

அவரைக் கொழும்புக்குள் நுழையும் சாவடியில் இறக்கினார்கள். ஒரு தமிழன், தோட்டத்து முகவரி, பெயரில்லாத வெள்ளைப் பொடி, வெள்ளித்தாள் சுற்றிய குழாய், மூடியை டேப் போட்டு ஒட்டிய குடுவை. என்ன இது என்று கேட்டதற்குத் தேயிலைக்குள் இருக்கிற நூல் என்று சொன்னாராம். இதெல்லாம் பிறகு மேடம் விசாரித்து அறிந்தது.

மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும். எழுத்தர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கொழும்புப் பொலிஸிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது, அண்ணனை வைத்திருக்கிறார்களாம், அவனிடம் ஏதோ பொடி இருக்கிறதாம், இங்கிருந்து யாராவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்கிறார்களாம். நிலையத் தலைவர் அன்று இல்லை. மேடம் கடலுக்கு அப்பால். எழுத்தர் வாசலில் நின்றபடி கேட்டார்: “நங்கிக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியும். பொடியின் பெயர், எடை, எதற்கு, எத்தனை துளி, எல்லாம் தெரியும். அவர்கள் மொழியிலேயே, ஒரு சொல் தடுமாறாமல் சொல்லவும் தெரியும். “நான் நேற்று லீவு. எனக்குத் தெரியாது. மேடம் வந்தால்தான் தெரியும்” என்றேன்.

எழுத்தர் தலையை ஆட்டினார். “எயா தெமளனே” என்றார், அவன் தமிழன்தானே என்று. “யாரை நம்புவது?” அவர் கெட்ட மனிதர் அல்ல. அண்ணனின் மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். நம்மில் ஒருத்தியிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார்.  குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேசையில் முந்தாநாள் அவர் கழுவிக் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தகடு இருந்தது.

அதற்கடுத்த நாள் பொலிஸுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் டவுன் பொலிஸ் நிலையத்தின் வாசல்வரைக்கும் போனேன். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் “என்ன வேணும் அக்கே?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். தபால் கந்தோருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் வந்த நிலையத் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். இன்னார் தற்காலிகத் தொழிலாளி, இரசாயனப் பொருட்களைக் கொண்டுசெல்ல அவருக்கு எங்கள் நிலையம் அனுமதி கொடுக்கவில்லை என்று. அது உண்மைதான், கடிதம் எடுக்காததால். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவரை வேறொரு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.

மேடம் மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். பையை மேசையில் வைக்குமுன்பே என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் தனியாக அனுப்பினாய்?”

“காய்ச்சல், மேடம்.”

“அவர்கள் கேட்டபோது?”

“நான்... லீவில் இருந்தேன் என்று சொன்னேன்.”

ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஹரி” என்றார். சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் என்னை ஒருபோதும் நங்கி என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். கோபித்துக்கொண்டதும் இல்லை, குறைத்து நடத்தியதும் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும் போயிற்று.

மேடம் அலையாத இடமில்லை. முகாமுக்குப் போனார், அமைச்சுக்குப் போனார், அந்தப் பொடியைப் பற்றி இரண்டு பேராசிரியர்களிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார். தெரணியகலைக்கும் போய் அண்ணனின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். என்னை வா என்று கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடியது, கோப்பாகி, இலக்கம் போட்டு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் பொருளாகிவிட்டது. பதினான்கு மாதம் கழித்து ஒரு வழக்கும் போடாமல் விட்டார்கள்.

அந்தப் பதினான்கு மாதமும் நான் கொழுந்து அரிந்தேன். எல்லாம் பழுப்பு.

விடுதலையாகிச் சில வாரங்களில் மேடம் அவரை நிலையத்துக்குக் கூப்பிட்டார். மெலிந்திருந்தார், தலைமுடி நரைத்திருந்தது, ஒரு பக்கக் காது கேட்கவில்லை, அந்தப் பக்கம் நின்று பேசினால் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். என்னைப் பார்த்ததும் சிங்களத்தில், “எப்படி இருக்கிறீர்கள், மிஸ்?” என்று கேட்டார். பழைய மாதிரியே. மேடம் குளிர் அறைக் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே தட்டில் ஐஸ், கண்ணாடி, புது பிளேடு, எல்லாம் தயார். அண்ணன் வாசல்வரை வந்து நின்றுவிட்டார். அந்தக் கதவு தடித்த இரும்புக் கதவு. வெளிப்பக்கம் ஒரு நீண்ட பிடி. அவர் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளே வேண்டாம், மேடம். இங்கேயே நிற்கிறேன்” என்றார்.

மேடம் உடனே மேசையை நடைபாதைக்குக் கொண்டுவரச் செய்தார். அவர் அங்கே நின்று அரிந்தார். வெப்பத்தில் ஐஸ் உருகிற்று. வெட்டும் சீர் மாறவில்லை. ஆனால் யாராவது பின்னால் நடந்து போனால் பிளேடு நின்றுவிடும். இரண்டு காலை வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அந்த இரண்டு நாட்களில் குளிர் அறைக்குள் நான் தனியாக இருந்தேன், அவர் வெளியே. சொல்ல நினைத்ததைச் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே அறை அதுதான்.

மேடத்தின் ஆராய்ச்சி முழுதாக முடியவில்லை. கிடைத்த கொஞ்சத்தை வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதிவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போனார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் அண்ணனின் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. என் பெயரை அப்பா பெயரோடு முழுதாகப் போட்டிருந்தார். படிக்கிற எவருக்கும் இரண்டு பேரும் தமிழர்கள் என்று தெரியும். எங்கள் நிலையத்தில் யாரும் கடைசி வரிவரை படிக்கவில்லை.

போர் முடிந்த வாரம் டவுன் சந்தியில் பட்டாசு வெடித்தார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். ஆய்வுகூடத்துக்கும் ஒரு தட்டு வந்தது. “இனி நமக்குப் பயமில்லை” என்று ஒருவர் என் கையில் ஒரு துண்டு வைத்தார். நான் சாப்பிட்டேன். விழுங்கிய பிறகுதான் அந்த ‘நமக்கு’ என்ற சொல் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரணியகலைக்கு பஸ் ஏறினேன். அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வழியெல்லாம் முதல் வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் டிவிசன் லயத்தில் மூன்றாவது வீடு. உள்ளே சுவரில், மாலை போட்ட படத்தில் இருந்தார்.

முந்தின வருடம் போய்விட்டாராம். இருமல், காய்ச்சல், அவ்வளவுதான். அவருடைய மனைவி பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று என்னைக் கூட்டிவந்த பிள்ளையிடம் கேட்டு அறிந்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உடைந்த சிங்களத்தில், “என்ன மிஸ், வாடிவென்ன” என்று நாற்காலியைக் காட்டினார். வாருங்கள், உட்காருங்கள் என்று.

“இருக்கட்டும் அக்கா, நீங்க ஒக்காருங்க” என்றேன் தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். “மிஸ்ஸுக்கு எங்க பாஷ வருமா? அவரு சொல்லவே இல்லியே. லெப்ல இருந்தது சிங்கள மிஸ்ஸுன்னுதானே எப்பவும் சொல்வாரு.”

 அவர் தொடர்ந்து சொன்னார். அவருக்கு அது பழைய கதை. “உள்ள வச்சு அடிச்சு அடிச்சு கேட்டாங்களாம், இத கட்டிக் குடுத்தது யாருன்னு. நானே எடுத்தேன்னு சொன்னாராம். அங்க வேற தமிழ் ஆளுங்க யாரு இருக்காங்கன்னு கேட்டாங்களாம். யாருமில்ல, ஒரு மிஸ் இருக்காங்க, அவங்க சிங்களம், அவங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொன்னாராம். பாவம் மிஸ் நீங்க, ஒங்கள எதுக்கு இழுக்கணும்.”

இரண்டு தமிழர்கள் சேர்ந்து பொடி கட்டினார்கள் என்று ஆகிவிடக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். நான் எழுத்தரிடம் சொன்ன பொய்யும் அவர் அங்கே சொன்ன பொய்யும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்கின்றன. வெளியே வந்த பிறகு, பத்து வருடத்துக்கு மேல், சொந்த மனைவியிடம்கூட அவர் அந்தப் பொய்யை மாற்றவில்லை. எது நல்லதோ அப்படியே இருங்கள் என்று ஒரு நாள் சொன்னதுக்காக.

“அக்கா, நான் கீழ் டிவிசன்” என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். பொட்டலத்தைக் கட்டியது நான் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று சொன்னேன். கடிதம் எடுக்காததையும் எழுத்தர் வந்து கேட்டதையும் சொன்னேன். நினைத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வந்த வரிசையில் சொன்னேன்.  முடிந்ததும் அவர் வாளியின் விளிம்பைத் துணியால் துடைத்தார்.

பிறகு கேட்டார்: “அந்தப் பொடி என்னதான் மிஸ்? அவரு எத்தனயோ தடவ சொல்லியிருக்காரு. எனக்கு வெளங்கல.”

சொல்லத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இதை நான் தமிழில் ஒருபோதும் சொன்னதில்லை என்று. கரு என்றேன், வயித்துப் புள்ளயா என்று கேட்டார். இல்லை, கொழுந்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்க இருக்கு, ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு உருண்ட இருக்கு என்றேன். அந்த உருண்டைக்குள்ள ஒரு நூல் சுத்தி வச்சிருக்கு, இழுத்தா ஆள் ஒசரத்துக்கு மேல வரும். அந்தச் செடி எப்படி வளரணும், எலை எப்படி வரணும், எல்லாம் அந்த நூலுலதான் இருக்கு. அது கண்டபடி கெடக்கல, அங்கங்க கட்டியிருக்கு. எதுல கட்டியிருக்குன்னு யாருக்கும் சரியா தெரியல. அந்தப் பொடியக் கரச்சு ஊத்துனா சுத்தியிருக்கிறது அவுந்து, கட்டியிருக்கிற எடம் மட்டும் நிக்கும். அதப் பாக்கத்தான் கொண்டுபோனோம். யாருக்கும் ஒன்னும் செய்யாத பொடி. சிவப்பா இருந்தது சாயம். குடுவையில இருந்தது தேயிலைக் கொழுந்து. அரிஞ்சது அவரு. அவர மாதிரி அரியிறதுக்கு அங்க ஒருத்தருமில்ல.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள். நான் நிறுத்தியதும் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தவர்போல என் வாயைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான் அக்கா.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“இதச் சொல்ல பத்து நிமிசங்கூட ஆகலியே, மிஸ்.”